காலித் தொகுதியின் கோப்பு யார் மேசையில்?

2009-ல் தாமிரபரணியின் கடைமடையில் இருக்கும் இரண்டு தொகுதிகள் நான்கு மாத இடைவெளியில் இடைத்தேர்தலைச் சந்தித்தன. ஆகஸ்ட் 18-ல் ஸ்ரீவைகுண்டம். டிசம்பர் 19-ல் திருச்செந்தூர். ஸ்ரீவைகுண்டத்தில் 2006-ல் வென்ற காங்கிரஸ் எம்.எல்.ஏ. செல்வராஜ் காலமானதால் தேர்தல் வந்தது. பக்கத்துத் தொகுதியான திருச்செந்தூரில், அ.தி.மு.க. சார்பில் வென்ற அனிதா ராதாகிருஷ்ணன் பதவியை ராஜினாமா செய்துவிட்டு தி.மு.க.வுக்குப் போனதால் வந்தது. ஒரு தொகுதியைக் காலியாக்கியது மரணம். இன்னொன்றைக் காலியாக்கியது ஒரு கடிதம்.

ஆகஸ்டில் ஸ்ரீவைகுண்டத்தோடு சேர்ந்து இளையான்குடி, கம்பம், பர்கூர், தொண்டாமுத்தூர் என ஐந்து தொகுதிகளுக்கு வாக்குப்பதிவு நடந்தது. அ.தி.மு.க. புறக்கணித்தது. ஸ்ரீவைகுண்டத்தில் காங்கிரஸின் சுடலையாண்டி வென்றார். ஐந்து இடங்களையும் தி.மு.க. கூட்டணியே அள்ளியது. பத்திரிகைகள் அன்று அலசியதெல்லாம் சாதிக் கணக்கு, பணக் கணக்கு, கூட்டணிக் கணக்கு. அதே ஆண்டு ஜனவரியில் நடந்த திருமங்கலம் இடைத்தேர்தல் தந்த, வாக்குக்குப் பணம் என்ற ‘ஃபார்முலா’ பற்றிய பேச்சு எல்லோர் வாயிலும் இருந்தது. அந்தக் கணக்குகளில் இடம்பெறாத ஒரு கூட்டம் உண்டு. ஓர் இடம் காலி என்று எழுதுகிறவர், அதை டெல்லிக்குத் தெரிவிக்கிறவர், ‘இப்போது நடத்தலாம்’ அல்லது ‘இப்போது வேண்டாம்’ என்று அறிக்கை தருகிறவர், மனுவை ஏற்கிறவர், தள்ளுகிறவர். எல்லோரும் அரசு அதிகாரிகள். ஒரு தொகுதி எத்தனை மாதம் பிரதிநிதி இல்லாமல் கிடக்கும் என்பதில் வாக்காளரைவிட இவர்களின் கைக்கே வலு அதிகம்.

அந்த வலு எங்கிருந்து வருகிறது, யாருக்கு அது பதில் சொல்கிறது என்று கேட்க ஸ்ரீவைகுண்டத்துக்கு உரிமை இருக்கிறது. 1967-ல் இந்தத் தொகுதியிலிருந்து போன சி.பா. ஆதித்தனார்தான் அந்தச் சட்டமன்றத்தின் பேரவைத் தலைவரானார். ராஜினாமாவை ஏற்பதும், ‘இந்த இடம் காலி’ என்ற முடிவுக்கு முத்திரை வைப்பதும் அந்த நாற்காலியின் வேலை.

கோப்பு நகரும் வழி

சட்டம் எழுதியிருப்பது எளிமையானது. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 1951-ன் 150-வது பிரிவின்படி, சட்டமன்ற இடம் ஒன்று காலியானால் தேர்தல் ஆணையம் அரசிதழில் அறிவிக்கை வெளியிட்டு, அந்தத் தொகுதி மக்களைப் புதிய உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கச் சொல்ல வேண்டும். பொதுத்தேர்தல் என்றால் அறிவிக்கை ஆளுநர் பெயரில் வரும். இடைத்தேர்தலுக்கு அந்தச் சடங்கும் கிடையாது, ஆணையமே வெளியிடுகிறது. எத்தனை நாளைக்குள் என்பதற்கு நீண்ட காலம் கெடுவே இல்லாமல் இருந்தது. 1996-ல்தான் 151-ஏ பிரிவைச் சேர்த்து ஆறு மாதம் என்று வரையறுத்தார்கள். இரண்டு விதிவிலக்குகளும் கூடவே வந்தன. எஞ்சிய பதவிக்காலம் ஓராண்டுக்குக் குறைவாக இருந்தால் நடத்த வேண்டியதில்லை. குறித்த காலத்துக்குள் நடத்துவது கடினம் என்று மத்திய அரசைக் கலந்து ஆணையம் சான்றளித்தாலும் நடத்த வேண்டியதில்லை.

இந்த ஆறு மாத ஓட்டம் டெல்லியில் தொடங்குவதில்லை. சென்னைக் கோட்டையில் தொடங்குகிறது. உறுப்பினர் இறந்தாலும், விலகினாலும், தகுதி இழந்தாலும் அதை முறைப்படி பதிவு செய்து, இடம் காலி என்று ஆணையத்துக்குத் தெரியப்படுத்துவது சட்டப்பேரவைச் செயலகம். அதை வாங்கி மேலே கொண்டுபோகிறவர் தலைமைத் தேர்தல் அதிகாரி. மாநில அரசோடு கலந்து ஆணையம் நியமிக்கும் ஐ.ஏ.எஸ். அதிகாரி இவர். 2009-ல் ஸ்ரீவைகுண்டம் தேர்தலின்போது அந்தப் பொறுப்பில் இருந்தவர் நரேஷ் குப்தா. மாவட்டத்தில் கலெக்டரே மாவட்டத் தேர்தல் அதிகாரி. தொகுதிக்கு ஒரு தேர்தல் நடத்தும் அலுவலர். தேர்தல் வேலையில் இருக்கும் நாளெல்லாம் இவர்கள் ஆணையத்தின் கட்டுப்பாட்டில் இருப்பவர்களாகவே சட்டம் கருதுகிறது. தேர்தல் முடிந்த மறுநாள் மீண்டும் மாநில அரசின் ஊழியர்கள். அடுத்த இடமாறுதலும் பதவி உயர்வும் கோட்டையில்தான். அதிகாரியின் மனசாட்சியை மட்டும் நம்பி இந்த இரட்டை வாழ்க்கையை விட்டுவைத்திருப்பது நியாயமில்லை.

ஒரே தொகுதி, இரண்டு வேகம்

அதிகார இயந்திரம் நினைத்தால் எவ்வளவு வேகமாக ஓடும் என்பதற்கும், எவ்வளவு மெதுவாக நகரும் என்பதற்கும் சென்னை ஆர்.கே. நகர் ஒன்றே சாட்சி. 2015 மே 17-ல் அந்தத் தொகுதியின் எம்.எல்.ஏ. வெற்றிவேல், ஜெயலலிதா போட்டியிட வசதியாக விலகினார். அன்றே ராஜினாமா ஏற்கப்பட்டது, அன்றே காலியிடம் அறிவிக்கப்பட்டது. ஜூன் 27-ல் வாக்குப்பதிவு. மொத்தம் 41 நாள். ஆறு மாதக் கெடுவில் கால்பங்குகூட ஆகவில்லை.

அதே ஆர்.கே. நகர் 2016 டிசம்பர் 5-ல் ஜெயலலிதாவின் மறைவால் காலியானது. 2017 ஏப்ரல் 12 என்று தேதி குறித்தார்கள். வாக்காளருக்குப் பணம் பாய்ந்தது. வருமான வரிச் சோதனையில் ரூ.89 கோடி விநியோகத் திட்டம் என்று சொல்லப்பட்ட தாள்கள் சிக்கின. வாக்குப்பதிவுக்கு மூன்று நாள் இருக்கும்போது ஆணையம் தேர்தலை ரத்து செய்தது. கடைசியில் டிசம்பர் 21-ல்தான் நடந்தது, டி.டி.வி. தினகரன் வென்றார். ஓராண்டுக்கும் மேல் அந்தத் தொகுதிக்கு எம்.எல்.ஏ. இல்லை. பணம் கொடுத்தவர்களுக்கு இதில் என்ன நஷ்டம்? தண்டனையை அனுபவித்தது தண்டையார்பேட்டையிலும் கொருக்குப்பேட்டையிலும் குடியிருக்கும் மக்கள்.

அந்த இரண்டாவது முயற்சியில் தேர்தல் நடத்தும் அலுவலரின் அதிகாரம் எவ்வளவு பெரியது என்பதும் வெளிச்சத்துக்கு வந்தது. நடிகர் விஷால் சுயேச்சையாக மனு கொடுத்தார். முன்மொழிந்தவர்களில் இருவர் ‘அது எங்கள் கையெழுத்து இல்லை’ என்றதாகச் சொல்லி மனு தள்ளுபடியானது. பிறகு ஏற்கப்பட்டதாகச் செய்தி வந்தது. இரவுக்குள் மறுபடி தள்ளுபடி. ஊடகங்கள் தொகுதி அலுவலகத்தின் வாசலிலேயே நின்று இதையெல்லாம் ஒளிபரப்பின. சில நாளில் ஆணையம் அந்த அலுவலரையே மாற்றியது. வேட்புமனுப் பரிசீலனையில் அலுவலர் எடுக்கும் முடிவைத் தேர்தல் முடியும்வரை யாரும் அசைக்க முடியாது. தேர்தல் வழக்கு ஒன்றே வழி. ஒரு தனி அதிகாரியின் பேனாவுக்கு நம் ஜனநாயகம் இதைவிடப் பெரிய நம்பிக்கையைக் கொடுத்ததில்லை.

காலியிடத்தை அறிவிப்பதிலும் இந்த வேக வித்தியாசம் உண்டு. சொத்துக்குவிப்பு வழக்கில் ஜெயலலிதா தண்டிக்கப்பட்டது 2014 செப்டம்பர் 27. உச்ச நீதிமன்றத்தின் 2013-ம் ஆண்டு லில்லி தாமஸ் தீர்ப்புப்படி தகுதியிழப்பு அந்த நொடியே வந்துவிடுகிறது. ஆனால், அவருடைய ஸ்ரீரங்கம் தொகுதி காலி என்ற அறிவிக்கையில் இருந்த தேதி நவம்பர் 8. ஆறு வாரம்! 2017-ல் தினகரன் ஆதரவு எம்.எல்.ஏ.க்கள் 18 பேரைப் பேரவைத் தலைவர் தனபால் தகுதிநீக்கம் செய்தபோது, செப்டம்பர் 18 ஒரே நாளில் உத்தரவும் வந்தது, காலியிட அறிவிப்பும் வந்தது. 2023 டிசம்பரில் திருக்கோவிலூர் எம்.எல்.ஏ. பொன்முடிக்கு உயர் நீதிமன்றம் தண்டனை விதித்த பிறகு அந்தத் தொகுதி காலியிடமாகக் கணக்கில் ஏறியதோ 2024 மார்ச்சில். அதே மாதம் உச்ச நீதிமன்றம் தண்டனையை நிறுத்திவைக்க, இடம் அவருக்கே திரும்பியது. ஆட்சிகள் மாறின, பேரவைத் தலைவர்கள் மாறினார்கள். அறிவிக்கைக்குக் கெடு இல்லை என்பது மட்டும் மாறவில்லை.

தூத்துக்குடியின் இருபது மாதம்

2017-ல் காலியான அந்தப் பதினெட்டுத் தொகுதிகளில் இரண்டு ஸ்ரீவைகுண்டத்துக்கு வடக்கே இருப்பவை: ஓட்டப்பிடாரம், விளாத்திகுளம். தூத்துக்குடி மாவட்டத்தில் இருப்பதே ஆறு தொகுதிகள். அவற்றில் மூன்றில் ஒரு பங்கு 2017 செப்டம்பரில் ஒரே கையெழுத்தில் காலியானது.

தகுதிநீக்கத்தை எதிர்த்து வழக்குப் போனது. இடைத்தேர்தல் அறிவிக்க உயர் நீதிமன்றம் தடை விதித்தது. 2018 ஜூன் 14-ல் இரு நீதிபதிகள் இருவேறு தீர்ப்பு எழுதினார்கள். மூன்றாவது நீதிபதி சத்தியநாராயணன் அக்டோபர் 25-ல் தகுதிநீக்கம் செல்லும் என்றார். 2019 ஏப்ரல் 18-ல் விளாத்திகுளத்துக்குத் தேர்தல் வந்தது. ஓட்டப்பிடாரத்துக்கு அப்போதும் வரவில்லை. 2016-ல் 493 வாக்கில் தோற்ற டாக்டர் கிருஷ்ணசாமியின் தேர்தல் வழக்கு நிலுவையில் இருக்கிறது என்று ஆணையம் ஒதுக்கிவைத்தது. அது தீர்ந்த பிறகு மே 19-ல் வாக்குப்பதிவு. இருபது மாதம்!

இந்த இருபது மாதத்துக்குள்தான் 2018 மே 22 வருகிறது. ஸ்டெர்லைட் ஆலையை மூடச் சொல்லி நடந்த போராட்டத்தில் போலீஸ் துப்பாக்கிச் சூடு, 13 உயிர்கள். தூத்துக்குடி மாவட்டம் அதற்கு முன் பார்த்திராத துயரம். அதைப் பற்றிச் சட்டமன்றம் பேசியபோது, அந்த மாவட்டத்தின் ஆறு நாற்காலிகளில் இரண்டு காலியாக இருந்தன. அந்த இருவர் இருந்திருந்தால் என்ன பேசியிருப்பார்கள் என்பது வேறு விஷயம். ஓட்டப்பிடாரத்துக்காரர் ஒருவர் தன் எம்.எல்.ஏ. வீட்டு வாசலில் போய் நின்று, ‘நீங்க ஏன் பேசல?’ என்று கேட்கக்கூட ஆள் இல்லாமல் போனதே, அதுதான் பெரிய இழப்பு.

எம்.எல்.ஏ. இல்லாவிட்டால் என்ன, கலெக்டர் இருக்கிறாரே என்று சொல்பவர்கள் உண்டு. ஸ்ரீவைகுண்டம் விவசாயிகளிடம் அதைச் சொல்லிப் பார்க்கலாம். தாமிரபரணியின் கடைசி அணை அங்கே. வடகாலிலும் தென்காலிலும் வரும் தண்ணீரில் நெல்லும் வாழையும் வெற்றிலைக் கொடியும் வளர்கின்றன. அதே தண்ணீருக்குத் தூத்துக்குடியின் ஆலைகளும் குடிநீர்த் திட்டங்களும் காத்திருக்கின்றன. அணையில் மேடு தட்டிய மணலை அள்ள 2015-ல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம்வரை போய்த்தான் உத்தரவு வாங்க வேண்டியிருந்தது. 2023 டிசம்பர் வெள்ளத்தில் ஸ்ரீவைகுண்டம் ரயில் நிலையத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் பயணிகள் சிக்கிக்கொண்டதை நாடே பார்த்தது. சுற்றியிருந்த கிராமங்கள் தண்ணீருக்குள் நின்றதைப் பார்த்தவர்கள் குறைவு. தண்ணீர்ப் பங்கீடும் வெள்ள நிவாரணமும் கோட்டையில் முடிவாகிற விஷயங்கள். அங்கே எழுந்து கேள்வி கேட்கவும் கவன ஈர்ப்புத் தீர்மானம் கொடுக்கவும் கலெக்டரால் முடியாது.

தலைமைச் செயலாளரின் கடிதம்

இடைத்தேர்தல் தேதியை உண்மையில் அசைக்கிற ஒரு தாள் இருக்கிறது. மாநிலத் தலைமைச் செயலாளர் ஆணையத்துக்கு எழுதும் கடிதம். சட்டத்தில் இதற்குத் தனிப் பிரிவு இல்லை. சட்டம்-ஒழுங்கு, பேரிடர், பண்டிகை, பரீட்சை என்று மாநில நிர்வாகத்தின் கருத்தை ஆணையம் கேட்பதும், அதிகாரி பதில் எழுதுவதும் நடைமுறை.

2018 ஆகஸ்டில் கலைஞர் கருணாநிதி மறைந்தார், திருவாரூர் காலி. அதே மாதம் ஏ.கே. போஸ் மறைய, திருப்பரங்குன்றமும் காலி. அக்டோபர் முதல் வாரத்தில் ஆணையம் ஐந்து மாநிலத் தேர்தல் தேதிகளை அறிவித்தபோது இந்த இரண்டும் பட்டியலில் இல்லை. வடகிழக்குப் பருவமழையைக் காரணம் காட்டித் தமிழகத் தலைமைச் செயலாளர் தள்ளிவைக்கக் கேட்டிருந்தார். நவம்பரில் கஜா புயல் டெல்டாவைப் புரட்டிப்போட்டது. அடுத்து 2019 ஜனவரி 28 என்று திருவாரூருக்குத் தேதி வந்தது. புயல் நிவாரணம் முடியவில்லை என்று கட்சிகள் சொன்னதாக மாவட்ட நிர்வாகத்தின் அறிக்கை டெல்லிக்குப் போக, ஒரு வாரத்துக்குள் அதுவும் ரத்து. திருவாரூர் மக்கள் ஓட்டுப் போட்டது ஏப்ரலில். மழையும் புயலும் பொய்யில்லை; வீடிழந்தவனுக்கு வாக்குச்சாவடி முதல் கவலையாக இருக்காது என்பதும் உண்மை. ஆனாலும் அந்தக் கடிதத்தையும் அறிக்கையையும் அப்போதே மக்கள் முன் வைத்திருக்க வேண்டும்.

2020-லும் இதே கதை. பிப்ரவரி கடைசியில் அடுத்தடுத்த நாட்களில் திருவொற்றியூர், குடியாத்தம் எம்.எல்.ஏ.க்கள் இறந்தார்கள். பிறகு கொரோனா. அந்த ஆண்டு பீகார் பொதுத்தேர்தலையே நடத்தி முடித்த ஆணையம், தமிழகம், கேரளம், அசாம், மேற்கு வங்கத்தில் ஏழு தொகுதிகளுக்கு மட்டும் வேண்டாம் என்று முடிவெடுத்தது. அந்தந்த மாநில அதிகாரிகள் சிரமம் தெரிவித்து எழுதியிருந்ததே காரணம். திருவொற்றியூரும் குடியாத்தமும் 2021 பொதுத்தேர்தல்வரை காத்திருந்தன.

கடிதம் எதிர்த்திசையிலும் போகும். 2021-ல் நந்திகிராமில் தோற்று முதல்வரான மம்தா பானர்ஜி ஆறு மாதத்துக்குள் உறுப்பினராக வேண்டியிருந்தது. பவானிபூரில் உடனே நடத்தாவிட்டால் அரசியல் சட்டச் சிக்கல் வரும் என்று மேற்கு வங்கத் தலைமைச் செயலாளர் ஆணையத்துக்கு எழுதினார். ஆணையமும் அதைக் குறிப்பிட்டே தேதி அறிவித்தது. இதை எதிர்த்த வழக்கில், வாக்குப்பதிவுக்கு இரண்டு நாள் முன்பு தீர்ப்பளித்த கல்கத்தா உயர் நீதிமன்றம் தேர்தலைத் தடுக்கவில்லை. ஆனால், ஆளுங்கட்சியின் ஆள்போல் நடந்துகொண்டார் என்று அந்த அதிகாரியைக் கடுமையாகக் கண்டித்தது. அரசு ஊழியர் ஒருவர் எழுதிய கடிதம் வெளிவந்ததால்தான் அந்தக் கண்டிப்பே சாத்தியமானது.

கையெழுத்து போட மறுத்த அமெரிக்க அதிகாரி

அமெரிக்காவில் செனட் இடம் காலியானால் பெரும்பாலான மாநிலங்களில் ஆளுநரே தற்காலிகமாக ஒருவரை நியமித்துவிடலாம். 1913-ல் வந்த 17-வது திருத்தம் அதற்கு வழிவிட்டது. அதன் விபரீதத்தை இலினாய் மாநிலம் காட்டியது. 2008-ல் ஒபாமா அதிபராகத் தேர்வாகி, செனட் பதவியை விட்டார். அந்த இடத்தை விலைபேசினார் என்ற குற்றச்சாட்டில் ஆளுநர் பிளாகோயெவிச் டிசம்பர் 9-ல் கைதானார். ஜாமீனில் வந்து, அதே மாதக் கடைசியில் ரோலண்ட் பர்ரிஸ் என்பவரை நியமித்தார். நியமனச் சான்றில் எதிர்க்கையெழுத்துப் போட வேண்டிய மாநிலச் செயலர் ஜெஸ்ஸி ஒயிட், ‘போட மாட்டேன்’ என்று மறுத்தார். நியமனம் செல்ல அவர் கையெழுத்தே தேவையில்லை என்று மாநில உச்ச நீதிமன்றம் 2009 ஜனவரி 9-ல் சொன்னது. திருமங்கலத்தில் வாக்குப்பதிவு நடந்ததும் அதே நாளில்தான்.

இலங்கையில் வேறு வழி. 1978 அரசியலமைப்புக்குப் பின் வந்த விகிதாசார முறையில், நாடாளுமன்ற இடம் காலியானால் அதே கட்சியின் பட்டியலில் அடுத்து அதிக விருப்பு வாக்கு பெற்றவர் வந்து அமர்வார். தேசியப் பட்டியல் இடம் என்றால் கட்சியே பெயர் கொடுக்கும். வேகமான முறை என்று தோன்றும். 2020 ஆகஸ்டில் ஐக்கிய தேசியக் கட்சிக்குக் கிடைத்த ஒரே தேசியப் பட்டியல் இடத்துக்கு, 2021 ஜூனில்தான் ரணில் விக்கிரமசிங்க வந்தார். அங்கே தாமதம் கட்சிக்காரர் கையில்.

நம் முறையே மேல். காலியிடத்தை மக்களே நிரப்ப வேண்டும் என்று நம் சட்டம் பிடிவாதமாகச் சொல்கிறது. அந்தப் பிடிவாதத்தை அலுவலகத் தாமதத்தில் கரையவிடக் கூடாது.

புனே சொன்ன பதில்

2023 மார்ச்சில் புனே எம்.பி. கிரீஷ் பாபட் காலமானார். பொதுத்தேர்தல் ஏற்பாட்டில் இயந்திரம் முழுக்க மும்முரம், எஞ்சிய காலமும் குறைவு என்று ஆணையம் இடைத்தேர்தல் நடத்தவில்லை. புனேவாசி ஒருவர் வழக்குப் போட்டார். ஒரு தொகுதியைப் பிரதிநிதி இல்லாமல் விடக் கூடாது என்று டிசம்பரில் மும்பை உயர் நீதிமன்றம் தேர்தல் நடத்த உத்தரவிட்டது. ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது. 2024 பொதுத்தேர்தல்வரை ஓராண்டுக்கு மேல் புனேவுக்கு எம்.பி. இல்லை.

செய்ய முடியாததை யாரும் கேட்கவில்லை. விளவங்கோட்டில் விஜயதரணி 2024 பிப்ரவரி 24-ல் விலகினார்; ஏப்ரல் 19-ல் வாக்குப்பதிவு முடிந்துவிட்டது. நாங்குநேரியில் வசந்தகுமார் எம்.பி.யாகி விலகிய பிறகு ஐந்து மாதத்துக்குள், 2019 அக்டோபர் 21-ல் தேர்தல் நடந்தது. ஈரோடு கிழக்கு ஒரே சட்டமன்றக் காலத்தில் இரண்டு முறை காலியாகி, இரண்டு முறையும் இரண்டு மாதத்துக்குள் நிரம்பியது. பொதுத்தேர்தலோடு சேர்கிற வசதி, அரசியல் அவசரம், அலுவலகச் சுறுசுறுப்பு என்று காரணம் எதுவாக இருந்தாலும், நடத்த முடியும் என்பது நிரூபணமாகிவிட்டது.

எனவே மூன்று விஷயங்கள் சட்டமாக வேண்டும். மரணமோ விலகலோ தகுதியிழப்போ நடந்த ஏழு நாளுக்குள் பேரவைச் செயலகம் காலியிட அறிவிக்கை வெளியிட வேண்டும். தள்ளிவைக்கச் சொல்லியோ, விரைவுபடுத்தச் சொல்லியோ மாநில அதிகாரி எழுதும் ஒவ்வொரு கடிதத்தையும் அனுப்பிய நாளிலேயே தலைமைத் தேர்தல் அதிகாரி பொதுவில் வைக்க வேண்டும். கடினம் என்று ஆணையம் சான்றளித்தால், எந்தத் தேதிவரை என்பதையும் அந்தச் சான்றிலேயே எழுத வேண்டும்.

ஓராண்டு விதிவிலக்கையும் சுருக்க வேண்டும். 2025 ஜூன் 21-ல் வால்பாறை எம்.எல்.ஏ. அமுல் கந்தசாமி காலமானார். 2026 மே மாதத்தோடு சட்டமன்றக் காலம் முடிய இருந்ததால், சட்டப்படி அங்கே இடைத்தேர்தல் கட்டாயமாக இல்லை. ஏறக்குறைய பதினொரு மாதம், தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள் நிறைந்த ஒரு மலைத் தொகுதி, தனித் தொகுதி, பேரவையில் யாரும் இல்லாமல் இருப்பதை விதிவிலக்கு என்ற ஒரே சொல் அனுமதித்தது. அந்த ஓராண்டை ஆறு மாதமாகக் குறைக்க நாடாளுமன்றத்தில் ஒரு திருத்தம் போதும். தமிழகத்தின் 39 மக்களவை எம்.பி.க்களில் யாராவது ஒருவர் தனிநபர் மசோதாவாகக்கூட அதைக் கொண்டுவரலாம்.